ஆ பூய் என்ற கிடாவும் பதினெட்டு ஸ்ட்ராவும்

என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்க என்ன வேல பாக்குறீங்க?” என்பதுதான்.

“லேப்ல” என்றேன்.

“ஆஸ்பத்திரி லேபா?”

“முன்ன ஆஸ்பத்திரி. இப்ப ஆட்டு லேப்.”

“ஆட்டுக்கு என்ன டெஸ்ட்?”

என் வீட்டுக்காரர் அந்தோணி அவசர அவசரமாகக் கேசரித் தட்டை எடுத்து நீட்டினார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். செம்மறிக் கிடாவின் விந்தை வாங்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எண்ணி, உறைய வைக்கிற வேலை. மாப்பிள்ளை கையிலெடுத்த கேசரியைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா, “அதுக்குமா லேப்பு?” என்றார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை சம்பந்தி வீட்டு விருந்தில் யாரும் என்னிடம் வேலையைப் பற்றி விசாரிப்பதில்லை.

விசாரித்தது ஹேமாதான். எங்கள் லேபில் கடைசியாகச் சேர்ந்த பெண். போன மாதம் நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு லேபுக்கு ஒரு புதுக் கேமரா வந்தது. மைக்ராஸ்கோப்பின் தலையில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை விந்தணு இருக்கிறது, எது நேராகப் போகிறது, எது கிறுக்குப் பிடித்தது போல் சுற்றுகிறது என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். ஹேமா அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்கல்லாம் கண்ணாலயா எண்ணுனீங்க? How to trust, லா?” என்று சிங்கப்பூர் இங்கிலீஷில் கேட்டாள். நல்ல கேள்விதான். எனக்கு அந்தக் கேமரா மேல் துளிக் கோபமும் இல்லை. என் கழுத்து வலிக்கு அது பத்து வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும். பழைய கதையை எழுதித் தரச் சொல்லி அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். எப்படி எண்ணினோம் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் பாழாக்கிய ஒரு டியூபைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை எழுதுகிறேன்.

படிப்பு, பயிற்சியெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். பாலிடெக்னிக்கில் லேப் டெக்னீஷியன் படிப்பு. பிறகு பத்தொன்பது வருஷம், குழந்தையில்லாத தம்பதிகள் வரும் ஒரு மருத்துவமனைப் பிரிவு. கணவன்மார் தரையைப் பார்த்துக்கொண்டே காகிதப் பையை நீட்டுவார்கள். உள்ளே சிறிய டப்பா. வாங்கியதும் பெயர் சரிபார்த்து, நேரம் எழுதி, மேசையில் வைத்துவிட வேண்டும். மனிதனுடைய விந்து வெளியே வந்ததும் கெட்டியாக இருக்கும். அரை மணி நேரம் விட்டால்தான் நீர்த்துப்போகும், அதற்குப் பிறகுதான் பார்க்க முடியும். அந்த அரை மணி நேரம் என் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. டப்பாவை வைப்பேன், லேபிள் எழுதுவேன், ஒரு மிடறு காப்பி குடிப்பேன், பிறகு கண்ணை லென்ஸில் வைப்பேன்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு, வேறு ஏதாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு சின்ன ஆராய்ச்சி லேபில் ஆள் கேட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் செம்மறியாடு.

சிங்கப்பூரில் ஏது செம்மறி என்று கேட்காதவர்களே இல்லை. தீவின் வடக்கு ஓரம் கிராஞ்சியில், டான் அங்கிளின் பண்ணையில் முப்பத்துச் சொச்சம் இருந்தன. கம்பளி இல்லாத, குட்டை முடி மட்டும் உள்ள ஜாதி. நம் ஊர் வெயிலையும் ஓயாத மழையையும் தாங்குகிற கிடாக்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விந்தை உறைய வைத்து, அக்கம்பக்கத்து நாடுகளில் ஆடு வளர்ப்பவர்களுக்கு அனுப்புவது லேபின் வேலை. பண்ணையின் ஓரத்தில் ஒரு கண்டெய்னரை அறையாக்கியிருந்தார்கள். மைக்ராஸ்கோப், குளிர்பெட்டி, திரவ நைட்ரஜன் ஜாடி எல்லாம் அதற்குள்தான். நான் என் வீடு இருக்கும் தேக்காவிலிருந்து ரயிலேறி கிராஞ்சியில் இறங்குவேன். அங்கிருந்து பஸ், அதன் மனசுக்குத் தோன்றும்போது வரும். பல நாள் டான் அங்கிளே தன் பழைய வேனில் வந்து அழைத்துப் போவார். எழுபதைத் தாண்டிய மனிதர், சின்ன உடம்பு, பேச்சு குறைவு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் தெரிந்தது பாசார் மலாய், கடைத்தெருவில் பேசும் கொச்சை மலாய். அவர் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மேலதிகாரி டாக்டர் வான்மதி. என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். காலில் கம் பூட்ஸ், சட்டைப்பையில் தெர்மாமீட்டர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் “பரவாயில்லை”. முதல் வாரம் நான், “தண்ணி கொஞ்சம் ஆறியிருக்கு டாக்டர், பரவால்ல” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “பரவால்லன்னா எத்தன டிகிரி அக்கா?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஏதாவது தப்பு நடந்தால் மூன்று கேள்விதான். என்ன பார்த்தீங்க, என்ன செஞ்சீங்க, அப்ப என்ன டெம்பரேச்சர். ஏன் செய்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தப்புகளை எழுத ஒரு நீல நோட்டு வைத்திருந்தார். அதில் நேரத்துக்குக் கட்டம் உண்டு, வெப்பத்துக்குக் கட்டம் உண்டு. யார் செய்தார் என்பதற்குக் கட்டமே கிடையாது.

வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் தப்பு புரியாது. கிடாவை ஒரு பெட்டையாட்டின் பின்னால் விடுவோம். அது தாவும் நொடியில் டாக்டர் செயற்கை யோனியைப் பக்கவாட்டில் பிடிப்பார். முழங்கை நீள ரப்பர்க் குழாய், உள்ளே மெல்லிய உறை, இரண்டுக்கும் நடுவே சுடுநீர். உள்சூடு நாற்பது, நாற்பத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் கிடா மானம் போனது போல இறங்கிப் போய்விடும். கூடினால் அடுத்த தடவை நம்மைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கும். ஒரு தும்மல் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். குழாயின் நுனியில் உள்ள கண்ணாடி டியூபில் ஒரு மில்லி, கொஞ்சம் கூடக் குறைய. நல்ல கிடாவுடையது கெட்டிப் பால் நிறத்தில் இருக்கும். ஒரு துளியை வெதுவெதுப்பான கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் தனித்தனியாக எதுவும் தெரியாது. கொதி வந்த கஞ்சி போலக் குபுகுபுவென்று புரண்டுகொண்டிருக்கும். அந்த அலையைப் பார்த்துத்தான் மார்க் போடுவோம்.

பிறகு அதை மஞ்சள் கருக் கலவையில் நீர்க்க வைக்க வேண்டும். முட்டையின் மஞ்சள் கரு, குளிரில் விந்தணுவின் தோல் சிதையாமல் காக்கிறது. முட்டை வாங்குவது என் பொறுப்பு. வீடு தேக்காச் சந்தைக்கு மேலேயே என்பதால், காலையில் கீழே இறங்கியதும் காதர் பாய் கடை. “லேப்புக்கா, வீட்டுக்கா?” என்று கேட்பார். லேபுக்கு என்றால் அன்று வந்த தட்டிலிருந்து எடுத்துத் தருவார். வீட்டுக்கு என்றால் முந்தாநாள் தட்டு. மனுஷனைவிட ஆட்டுக்கு மரியாதை அதிகம் என்று அந்தோணி புலம்புவார்.

இனி ஆ பூய். ஹொக்கியன் சீன மொழியில் குண்டன் என்று அர்த்தமாம். பேருக்கேற்ற உடம்பு, காப்பி நிறம், ஒரு காது பாதிதான். பிறந்த அன்றே தாய் செத்துவிட்டது. டான் அங்கிளின் மனைவி அவனை வீட்டுச் சமையலறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாராம். அந்த அம்மாள் காலமாகி, நான் சேர்ந்தபோது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கிள் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார், டாக்டர்தான் சொன்னார். செல்லப்பிள்ளையாகவே வளர்ந்ததால் ஆ பூயை யாரும் ஜோடி சேர்த்ததில்லை. அவனுக்கு வயதான பிறகுதான் டாக்டர் ஒன்றைக் கவனித்திருக்கிறார். மழை மாதங்களில் மற்ற ஆடுகளுக்கெல்லாம் வயிற்றுப் புழுவுக்கு மருந்து கொடுத்து மாளாது. இவனுக்கு மட்டும் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அது ரத்தத்தில் வருகிற குணம், குட்டிகளுக்கும் போகும். ஆனால் குட்டி ஒன்றுகூட இல்லை.

அதோடு பண்ணை நிலத்தின் குத்தகை அந்த வருஷத்தோடு முடிகிறது. பெட்டையாடுகள், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் இருக்கும் அங்கிளின் தம்பி மகன் பண்ணைக்குப் போகும். ஆ பூய்க்குப் பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது, அவ்வளவு தூரப் பயணம் தாங்காது. “அவன் போக வேண்டாம். அவன் பிள்ள போனா போதும்” என்று அங்கிள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

டாக்டர் இரண்டு மாதம் அவனைப் பழக்கினார். நான் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆ பூய் தாவினான். அங்கிள் பெட்டையைப் பிடித்திருந்தார். டியூபில் ஒரு மில்லிக்கு மேலேயே இருந்தது, அருமையான நிறம். அவன் இறங்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். டாக்டர் டியூபை என் கையில் கொடுத்து, “உள்ள கொண்டு போங்க அக்கா, வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு அவன் காலைப் பார்க்கக் குனிந்தார்.

மற்ற நாட்களில் டாக்டரே கையோடு கொண்டு வந்து வெந்நீர்ப் பாத்திரத்தில் டியூபை நிறுத்துவார். அன்று முதல் முறையாக நான் தனியாக உள்ளே போனேன். அறையில் ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வெந்து வந்தவளுக்கு அது சொர்க்கமாக இருந்தது. டியூபை மேசை மேலிருந்த ஸ்டாண்டில் நிறுத்தினேன். நேரம் எழுதினேன். லேபிள் ஒட்டினேன். ஃபிளாஸ்கில் இருந்து ஒரு வாய் காப்பி குடித்தேன். நீர்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

டாக்டர் வந்து கதவருகிலேயே நின்றுவிட்டார். ஸ்டாண்டைப் பார்த்தார், வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார்.

“இன்னும் லிக்விஃபை ஆகல டாக்டர்” என்றேன். “இன்னும் கொஞ்ச நேரம்.”

அவர் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். தான் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். கஞ்சி கொதிக்கவில்லை. ஆறிப்போய்க் கிடந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு, வாலை வளைத்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

“கிடாவுக்கு லிக்விஃபை கிடையாது அக்கா” என்றார் டாக்டர். “வந்த சூட்டுலயே வச்சிருக்கணும். திடீர்னு குளிர் பட்டா முடிஞ்சுது.”

படித்திருந்தேன். முதல் வாரம் அவர் கொடுத்த தாள்களில் அது இருந்தது, அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன். மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. என் கை அந்த டியூபை ஒரு மனிதனுடையது என்று நினைத்துவிட்டது. டாக்டர் மூன்று கேள்வியையும் கேட்டார். நான் பதில் சொல்ல, நீல நோட்டில் எழுதினார்: மேசை, இருபது டிகிரி, பன்னிரண்டு நிமிடம். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடி எடுக்கலாம் என்று நினைத்தோம். முடியவில்லை. அன்று மடங்கிய கால் வீங்கிவிட்டது. இனி அவன் தாவக்கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். மின்சாரக் கருவி வைத்து எடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. டாக்டர் அதை விளக்கத் தொடங்கியதுமே அங்கிள், “வலிக்குமா?” என்று கேட்டார். “கொஞ்சம்” என்றார் டாக்டர். “வேணாம்” என்றார் அங்கிள். இன்னொரு வழி, அவன் இறந்த பிறகு விதையை எடுத்து அதிலிருந்து விந்தணுவைப் பிரிப்பது. அதைக் கேட்டதும் அங்கிள் எழுந்து வெளியே போய்விட்டார். அவனைச் செத்த பிறகு கத்தியால் தொடுவதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து வேனில் என்னை ஸ்டேஷனில் விடும்போது அவராகப் பேசினார்.

“ஆ பூய்க்கு வயசாயிடுச்சு. அவன் சாமான் கெட்டுப்போச்சு. உங்களுக்கெல்லாம் வீண் வேல.”

யாரோ விருந்தாளி முன்னால் தன் பிள்ளை தப்பாக நடந்துகொண்டது போல வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். டாக்டர் அவரிடம், சாம்பிள் சரியாக வரவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நான் பேசாமல் இறங்கிப் போயிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த ஆட்டின் மேல் பழி விழுவதை என்னால் தாங்க முடியவில்லை.

“அங்கிள், அவன் மேல தப்பில்ல. அவன் குடுத்தது முதல்தரம். நான்தான் குளிர்ல வச்சு சாகடிச்சுட்டேன்.”

அவர் வண்டியை ஓரங்கட்டினார். மலாயில் இதற்கெல்லாம் ஒரு வார்த்தை இருக்கிறது, தாக் அப்பா, பரவாயில்லை என்று அர்த்தம். சிங்கப்பூரில் அதைச் சொல்லாத வாயே கிடையாது. அவர் அதைச் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டார், நான் இறங்கினேன். அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதன் பிறகு வேன் வரவில்லை. அவர் தினமும் எனக்கு வாங்கி வைக்கும் கோப்பி ஓ என்ற கடுங்காப்பியும் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து என் கால் தேய்ந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் கண்டெய்னர்க் கதவின் கைப்பிடியில் பிளாஸ்டிக் பையில் கோப்பி ஓ தொங்கியது. சூடாக இருந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பாமல் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

வருஷக் கடைசி நெருங்கியது. மற்ற ஆடுகளெல்லாம் ஜொகூருக்குப் போய்விட்டன. டாக்டருக்குப் பெண் குழந்தை பிறந்து விடுப்பில் இருந்தார். லேப் வேறு இடத்துக்கு மாறுவதால், கண்டெய்னரைக் காலி செய்யச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். பண்ணையில் ஆ பூயும் அங்கிளும் மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் போன் அடித்தது.

“பிலோமினா, ஆ பூய் செத்துட்டான்” என்றார் அங்கிள். நான் ஏதாவது சொல்வதற்குள், “நீ வா. அன்னிக்கு டாக்டர் சொன்னத நீ செய். வேற யாரும் வேணாம்” என்றார்.

கீழே ஓடிக் காதர் பாயை எழுப்பாத குறையாகக் கடையைத் திறக்க வைத்தேன். அவர் கேள்வி கேட்காமல் ஆறு முட்டையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். டாக்சியில் மடியில் முட்டையை வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழுதது.

“நான் கெளம்பி வரவா அக்கா?”

“பச்ச உடம்பு, நீங்க படுங்க. போன மட்டும் பக்கத்துல வைங்க.”

“எடுத்த விதைய நேரடியா ஐஸ் மேல வைக்காதீங்க. துணி சுத்தி வைங்க.”

“குளிர்ல வச்சுக் கெடுத்த பாடம் மறந்துருவேனா டாக்டர்?”

அவர் சிரித்து அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன், அதுவும் போனில்.

ஆ பூய் கொட்டகையில் பக்கவாட்டில் படுத்திருந்தான். அங்கிள் அவன் உடம்பைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். “ரொம்ப வெட்டாத” என்றார். தானே காலைப் பிடித்துக்கொண்டார், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நான் விதைப்பையைக் கழுவி, சின்னதாகக் கீறி, நாளங்களைக் கட்டி, இரண்டு விதையையும் எடுத்தேன். பிறகு அந்தக் கீறலைத் தைத்தேன். செத்த ஆட்டுக்குத் தையல் எதற்கு என்று யாரும் கேட்கலாம். அங்கிள் பார்க்கும்போது அவன் முழுசாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கண்டெய்னருக்குள் முதல் வேலையாக எல்லாவற்றையும் சூடேற்றினேன். ஒரு விதை சுருங்கிக் கல்லாகியிருந்தது, அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்றின் அடியில் வால் போல் சுருண்டிருக்கும் குழலில்தான் முதிர்ந்த விந்தணுக்கள் தங்கியிருக்கும். ரத்தம் கலக்காமல் அதைப் பிரித்தெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நுனியில் ஊசி வைத்துக் கலவையை மெல்ல ஏற்றினேன். மறுபக்கம் வெண்ணெய் நிறத்தில் ஒரு சொட்டு வந்தது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.

ஒன்றும் அசையவில்லை.

 இரண்டாவது முறையும் இவனைக் கொன்றுவிட்டேனா? போனை எடுத்தேன்.

“என்ன பாக்குறீங்க?” என்றார் டாக்டர்.

“நெறைய இருக்கு. எதுவும் ஓடல.”

“என்ன செஞ்சீங்க?”

சொன்னேன்.

“என்ன டெம்பரேச்சர்?”

“முப்பத்திரண்டு.”

அந்தப் பக்கம் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. “அக்கா, ஆஸ்பத்திரில ஆப்பரேஷன் பண்ணி எடுத்த சாம்பிள் எல்லாம் உங்ககிட்டதான வரும்? அங்க என்ன செய்வீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வராமல் உள்ளேயே தங்கிய விந்தணு தூங்கிக்கொண்டுதான் இருக்கும். மருத்துவமனையில் அப்படிப்பட்டவற்றை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கலவையில் நீர்க்க வைத்து, சூட்டில் வைத்து, கைகட்டிக் காத்திருக்க வேண்டும். மறுபடியும் காத்திருப்பு. இந்தத் தடவை அது தப்பில்லை என்று என்னை நானே நம்பவைக்கச் சிரமப்பட்டேன். ஜெபம் சொன்னேன். ஆட்டு விந்துக்காக அருள் நிறைந்த மரியே சொன்னவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐந்தாவது முறை சொல்லும்போது ஒரு வால் துடித்தது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தபோது பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு அவசரமே காட்டவில்லை. வெதுவெதுப்பிலிருந்து ஐந்து டிகிரிக்கு, தண்ணீர்ப் பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைத்து மெதுவாக, இரண்டு மணி நேரம் இறக்கினேன். பெயர் எழுதிய, உறிஞ்சுகுழல் போன்ற மெல்லிய ஸ்ட்ராக்களில் நிரப்பி அடைத்தேன். பதினெட்டு வந்தது. நைட்ரஜனின் ஆவி படும்படி நாலு விரல் உயரத்தில் பத்து நிமிடம் கிடத்தி, பிறகு உள்ளே அமிழ்த்தினேன். இதற்கு நடுவில் செத்த கால்நடையை எடுத்துப்போகும் வண்டி வந்து போனது. அங்கிள் ரொம்ப தூரம் வரை அதன் பின்னாலேயே நடந்து போனதை ஜன்னலில் பார்த்தேன்.

குட்டி பிறந்ததா என்று ஹேமா இந்த இடத்தில் கட்டாயம் கேட்பாள், சொல்லிவிடுகிறேன். பெண் செம்மறியின் கருப்பை வாய் திருகுசுருள் போல இருக்கும். அதனால் வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே செலுத்த வேண்டும். ஜொகூரில் ஒரு மிருக வைத்தியர் ஆறு ஆடுகளுக்குச் செய்தார். இரண்டு சினை பிடித்தன. மூன்று குட்டிகள். அதில் ஒன்று காப்பி நிறம். அவற்றின் வம்சம் இன்றைக்கும் மழைக்காலத்தில் புழு மருந்து இல்லாமல் மேய்கிறது. அந்தக் குட்டிகளைப் பார்க்கப் பாலம் தாண்டி அங்கிளோடு நானும் போனேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வேலையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குட்டிகள் அல்ல, அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான்.

உறைய வைத்ததில் ஒன்றை மறுபடி உருக்கிப் பார்ப்பது விதி. உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் மற்றவற்றை அனுப்ப முடியாது. முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் முப்பது விநாடி அமிழ்த்தி, ஸ்ட்ராவைத் துடைத்து, நுனியை வெட்டி, ஒரு துளி வைத்தேன். பார்த்தேன். நிமிர்ந்தபோது அங்கிள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் வந்த இத்தனை மாதத்தில் அவர் அந்த அறைக்குள் காலே வைத்ததில்லை.

“வாங்க அங்கிள்” என்றேன். “பாருங்க.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நான் திருகைச் சரிசெய்தேன். அவருக்குத் தெரிய ஆரம்பித்த கணம் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் மூச்சு நின்றது.

“இது ஆ பூயா?”

“ஆ பூய்தான்.”

“மாசி ஜாலான்” என்றார். இன்னும் நடக்கிறான்.

“ஆமா அங்கிள். நல்லா நடக்குறான்.”

அவர் ரொம்ப நேரம் முகத்தை எடுக்கவில்லை. உருக்கிய துளி அதிக நேரம் தாங்காது, ஓட்டம் குறைந்துகொண்டே வரும். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள நிமிர்ந்த சமயம் பார்த்து, அதே ஸ்ட்ராவில் மிச்சமிருந்ததில் ஒரு புதுத் துளியை வைத்துவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. மறுபடி குனிந்தார்.

“அன்னிக்கு நீ சொல்லாம இருந்திருக்கலாம்” என்றார், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். “சொன்ன. அதான் இன்னிக்குக் கூப்பிட்டேன்.”

  பிறகு அவர், ஒரு சின்னப் பிள்ளை கேட்பது போலத் தயங்கிக்கொண்டு கேட்டார்.

“நான் பேசினா அவனுக்குக் கேக்குமா?”

மனிதனுடையதும் ஆட்டினுடையதுமாக அத்தனை வருஷம் இதையே பார்த்தவள் நான். அதற்குக் காது கிடையாது, மூளை கிடையாது, ஒரு தலையும் ஒரு வாலும்தான்.

“பேசுங்க அங்கிள்” என்றேன்.

அவர் கண்ணாடித்தட்டுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், ஹொக்கியனில், மிக மெல்லப் பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை வெளியே வெயிலில் நின்றேன்.